வைக்கவா, ஆடவா? கன்சோலுக்கு டிஸ்க் வாங்கும் முன்

காரைக்குடியில் செக்காலை ரோட்டில் கம்ப்யூட்டர், கன்சோல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் பிறந்தால் போதும், பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். கூடவே பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5), எக்ஸ்பாக்ஸ் என்று டிவியில் செருகி கேம் ஆடும் கன்சோல்கள் எல்லாம் வரும். ஒரு வாரத்தில் கடைக்கு வந்து நிற்பார்கள்: "அண்ணே, இடம் இல்லைன்னு காட்டுது. எத்தனை டிபி டிஸ்க் வாங்கணும்?"

எத்தனை டிபி (ஆயிரம் ஜிபி ஒரு டிபி) என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது வேறு. வாங்கப்போகிற டிஸ்க்கில் கேமைப் போட்டு வைக்க மட்டும்தான் முடியுமா, அதிலிருந்தே ஆடவும் முடியுமா? கன்சோலுக்குக் கன்சோல் இதற்குப் பதில் மாறும். ஒரே கன்சோலில்கூடப் பழைய கேமுக்கு ஒரு பதில், புதிய கேமுக்கு வேறு பதில். இது தெரியாமல் போனால் ஐயாயிரமோ பத்தாயிரமோ செலவழித்த பிறகும் ஆட முடியாது. பிள்ளை முகம் தொங்கிப்போகும், பெரியவர்கள் கடைக்காரனைத் திட்டுவார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன விடுமுறையில் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "தம்பி, இவன் கேக்குற சாமான் எட்டாயிரமாம்ல. அஞ்சாயிரத்துக்கு ஒரு டப்பா இருக்குங்கிறாக, அது ஆகாதா?" என்றார். "ஆகும் ஆச்சி, ஆனா அதுல வச்சுக்கத்தான் முடியும். ஆடணும்னா மிஷினுக்குள்ள கொண்டாந்துதான் ஆடணும்" என்றேன். ஆச்சிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "வெங்கலப் பானைய சாமான் ரூம்ல வச்சிருக்கோம், விசேசம்னா அடுப்படிக்குத் தூக்கியாந்துதானே சமைக்கிறோம், அதானே?" என்றார். அதேதான். பேரனுக்கு நான் கால் மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் அது.

ஏன் அப்படி என்றால், வேகம். பிஎஸ்5-க்குள் இருக்கும் எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். யுஎஸ்பியில் செருகும் சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சுமாருக்குத்தான் படிக்கும். ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். புதிய கேம்கள் அந்த உள் வேகத்தை நம்பியே எழுதப்படுகின்றன. ஆடுகிறவர் தெருமுனையில் திரும்புகிற நேரத்துக்குள் அடுத்த தெருவின் படங்கள் எஸ்எஸ்டியிலிருந்து வந்தாக வேண்டும். ஹார்டு டிஸ்க்கால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால்தான் கன்சோலே அங்கிருந்து ஆட விடுவதில்லை.

முதலில் காசில்லாத வழி

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். 2020-ல் வந்த முதல் பிஎஸ்5-இல் 825 ஜிபி என்று போட்டிருக்கும். அதில் நமக்குக் கிடைப்பது 667 ஜிபி. மீதி சிஸ்டத்துக்குப் போய்விடுகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 1 டிபி என்றால் கையில் 802 ஜிபி. சீரிஸ் எஸ்-இல் 512-க்கு 364 ஜிபிதான். இன்றைய பெரிய கேம் ஒன்று 80, 100 ஜிபி எடுத்துக்கொள்வது சாதாரணம். அப்படியானால் சீரிஸ் எஸ்-இல் நாலு பெரிய கேம் போட்டால் வீடு நிறைந்துவிடும்.

கேமை டவுன்லோட் செய்யாமல் ப்ளூரே தட்டாக வாங்கி ஆடினால் இடம் மிச்சமாகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலுமே அது நடக்காது. ப்ளூரே டிஸ்க்கில் இருப்பதை முழுவதும் உள்ளே இறக்கிக்கொண்டுதான் ஆட்டம் தொடங்கும். அதன் பிறகு அந்தத் தட்டு நீங்கள் அந்த கேமுக்கு உரியவர் என்று காட்டுவதற்கு மட்டும்தான். தட்டால் மிச்சமாவது டவுன்லோட் டேட்டா, உள்ளே இருக்கும் இடம் இல்லை.

சரி, அழிக்கலாமா? தாராளமாக அழிக்கலாம். பிள்ளைகள் பயப்படுவது ஒரே காரணத்துக்குத்தான்: "இதுவரைக்கும் ஜெயிச்சதெல்லாம் போயிடுமே." போகாது. பிஎஸ்5-இல் கேமை அழித்தாலும், எதுவரை ஆடினோம் என்று பதிவாகும் சேவ் ஃபைல் தனியாக அப்படியே இருக்கும். மறுபடி இன்ஸ்டால் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எக்ஸ்பாக்ஸில் சேவ் தானாகவே இணையத்துக்கு ஏறிவிடும், அதற்குத் தனிக் காசு கிடையாது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பிஎஸ்5 கேமின் சேவை பென் டிரைவில் எடுத்து வைக்க வழியில்லை. பிஎஸ் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுடில் வைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே அழிக்கும்போது கேமை மட்டும் அழியுங்கள். சேவ் டேட்டா இருக்கும் பக்கத்தில் கையே வைக்காதீர்கள்.

மீடியா கேலரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கோல் அடித்த வீடியோ, சண்டையில் ஜெயித்த வீடியோ என்று பிள்ளைகள் பதிவு செய்து வைத்திருப்பது சத்தமில்லாமல் இடத்தைத் தின்றுகொண்டிருக்கும். சில பெரிய கேம்களில் தனியாக ஆடும் பகுதி, கூட்டாக ஆடும் பகுதி என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஆடி முடித்த பகுதியை மட்டும் தூக்கிவிடலாம்.

அழிப்பதில் உண்மையான செலவு, திரும்ப இறக்கும் நேரம். காரைக்குடி டவுனில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கும் வீட்டில் 100 ஜிபி கேம் இறங்கக் கணக்குப்படி இரண்டேகால் மணி நேரம் ஆகும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் தயாராக இருக்கும். 30 எம்பிபிஎஸ் என்றால் ஏழரை மணி நேரம். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில், வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டில், விடுமுறைக்கென்று ஃபைபர் போடமாட்டார்கள். போன் ஹாட்ஸ்பாட்தான். தினம் இரண்டு ஜிபி தரும் பிளானை வைத்துக்கொண்டு 100 ஜிபியை இறக்குவது என்பது நடக்காத காரியம். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் வெளி டிஸ்க் உண்மையிலேயே பிரயோஜனப்படும். நல்ல இணையம் இருக்கும் வீட்டுக்கு நான் முதலில் அழித்துப் பார்க்கத்தான் சொல்வேன்.

பிஎஸ்5: இரண்டு வழி, இரண்டு விலை

யுஎஸ்பி வழி மலிவானது. 250 ஜிபி முதல் 8 டிபி வரை எந்த யுஎஸ்பி 3 டிஸ்க்கும் எடுக்கும். பிஎஸ்4 கேம்களை அதிலிருந்தே ஆடலாம். பிஎஸ்5 கேம்களை அதில் வைக்கலாம், ஆட முடியாது. இந்த வைக்கும் வசதியே 2021 ஏப்ரல் அப்டேட்டில்தான் வந்தது. வீட்டில் ஆடுவது பெரும்பாலும் பிஎஸ்4 காலத்து கேம்கள் என்றால் இந்த டிஸ்க் ஒன்றே போதும். அவற்றை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, உள் இடத்தைப் புதிய கேம்களுக்கு விட்டுவிடலாம். பல வீடுகளில் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடுகிறது.

வெளியிலிருந்து ஒரு 80 ஜிபி கேமை உள்ளே கொண்டுவர, ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தால் பதிமூன்று, பதினான்கு நிமிடம். டவுன்லோடை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் வெளியில் இருந்த காலத்தில் வந்த அப்டேட்கள் உள்ளே வந்த பிறகுதான் சேரும். ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டும் என்றால் சனிக்கிழமை ராத்திரியே உள்ளே கொண்டுவந்து அப்டேட்டை முடித்து வையுங்கள்.

செருகும் இடத்தையும் கவனியுங்கள். பின்பக்கம் இருக்கும் யுஎஸ்பியில் செருகுங்கள். முதல் மாடலில் முன்பக்கம் இருக்கும் அகலமான யுஎஸ்பி பழைய வேகம், அதில் செருகினால் டிஸ்க்கை ஏற்காது. ஹப் வைத்துச் செருகினாலும் எடுக்காது. இந்த வேலைக்கு ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்தான். புதிதாகச் செருகியதும் ஃபார்மேட் செய்யச் சொல்லும், செய்தால் அதில் முன்பிருந்த கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் அழிந்துவிடும். வீட்டில் சும்மா கிடக்கும் டிஸ்க்கை எடுத்துப் போடும் முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பெரியவர்களைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி எம்.2 எஸ்எஸ்டி, கன்சோலுக்குள்ளேயே பொருத்தும் சின்னப் பட்டை. விலை கூடுதல், ஆனால் உள்ளே இருக்கும் இடத்தைப் போலவே அதிலிருந்து பிஎஸ்5 கேமை ஆடலாம். 2021 செப்டம்பரில் இந்த வசதியைத் திறந்துவிட்டார்கள். அப்போது 4 டிபி வரை, 2023-லிருந்து 8 டிபி வரை. கடையில் இப்படிக் கேளுங்கள்: "என்விஎம்இ, பிசிஐஇ ஜென் 4, நொடிக்கு 5500 எம்பிக்குக் குறையாத ரீட் ஸ்பீடு, ஹீட்சிங்கோடு." ஹீட்சிங்க் என்பது எஸ்எஸ்டியின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பட்டை. இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். எம்.2 என்ற பெயரிலேயே சாட்டா என்ற பழைய, மெதுவான வகையும் விற்கிறார்கள். உருவம் ஒன்றுபோலத்தான் இருக்கும், பிஎஸ்5 அதைத் தொடாது. ஜென் 3 மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துக்காட்டுவார்கள், அதுவும் ஆகாது. ஜென் 5 செருகினால் வேலை செய்யும், ஆனால் அந்தக் கூடுதல் வேகம் பிஎஸ்5-இல் கிடைக்காது. அதற்குக் கொடுக்கும் காசு தண்டம்.

விலைக்கு வருவோம். 2024-ல் நல்ல கம்பெனி 1 டிபி ஜென் 4 எம்.2 என் கடையில் ஏழாயிரம், எட்டாயிரத்துக்குப் போனது. ஜிபிக்கு எட்டு ரூபாய் என்று வைத்தால், 100 ஜிபி கேம் ஒன்று எண்ணூறு ரூபாய் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆறு மாதமாகத் தொடாத கேமுக்கு எண்ணூறு ரூபாய் இடம் வேண்டுமா என்று பிள்ளையிடமே கேளுங்கள், அவனே அழிப்பான். 2025 கடைசியிலிருந்து ஃபிளாஷ் சிப் விலை உலகம் முழுக்க ஏறத் தொடங்கியது. ஏஐ டேட்டா சென்டர்களே சரக்கை அள்ளிக்கொண்டு போகின்றன. எனவே போன வருடம் பக்கத்து வீட்டில் வாங்கிய விலையைச் சொல்லிக் கடைக்காரரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். அன்றைய விலையை இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். மதுரை, திருச்சி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், ஆன்லைன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எத்தனை டிபி? என் கணிப்பில் பெரும்பாலான வீட்டுக்கு 1 டிபி போதும். உள்ளே இருக்கும் 667 ஜிபியோடு சேர்த்தால் பதினாறு முதல் இருபது பெரிய கேம் வைக்கலாம். ஒரு வீட்டில் ஒரே சமயத்தில் அத்தனை கேம் ஆடுகிறவர்கள் அபூர்வம். கன்சோல் ஒன்றை நாலு பங்காளி வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஆடினால் 2 டிபி யோசிக்கலாம். 4 டிபிக்கு மேல் போனால் ஜிபிக்கு விலை கூடிவிடும். அந்தக் காசை வைத்துக்கொண்டால் பின்னால் விலை இறங்கும்போது பெரியதாக வாங்கிக்கொள்ளலாம்.

எம்.2 பொருத்துவது

இதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். கன்சோலை முழுவதும் ஆஃப் செய்யுங்கள், தூங்கவைக்கும் ரெஸ்ட் மோட் போதாது. எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு ஆறவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுமனே வைத்தால் வெள்ளை மூடியில் கீறல் விழும், அதனால் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டு அதன்மேல் படுக்கவையுங்கள். முதல் மாடலில் டிஸ்க் டிரைவ் இல்லாத பக்கத்து மூடியைக் கழற்ற வேண்டும். மூலையைத் தூக்கிக்கொண்டே தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். ஸ்லிம் மாடலில் மூடி பிரிந்திருக்கும் விதம் வேறு. சோனி போட்டிருக்கும் படத்தை உங்கள் மாடலுக்குப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

உள்ளே ஒரு நீளமான சின்ன உலோகத் தகடு, ஒரே ஸ்க்ரூவில் நிற்கும். அதைக் கழற்றினால் எம்.2 உட்காரும் பள்ளம் தெரியும். பள்ளத்தின் நீளத்தில் 30, 42, 60, 80, 110 என்று ஐந்து இடம் குறித்திருப்பார்கள். நாம் வாங்குவது பெரும்பாலும் 2280, அதாவது 80 மில்லிமீட்டர் நீளம். பள்ளத்தில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவையும் அதன் கீழே இருக்கும் வளையத்தையும் எடுத்து 80 என்ற இடத்துக்கு மாற்றுங்கள். அந்த வளையம் ஒரு மிளகு அளவுதான். கை நழுவினால் ஃபேன் பக்கம் உருண்டு போய்விடும். அதனால் ஒரு கையால் கன்சோலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நிதானமாக எடுங்கள். அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

எஸ்எஸ்டியின் முனையில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் தடுப்பும் நேராக வரும்படி, கொஞ்சம் சாய்வாகச் செருகுங்கள். தங்க நிறப் பட்டைகள் உள்ளே போய்விட வேண்டும். அப்புறம் மறுமுனையை மெல்ல அழுத்தி ஸ்க்ரூ போடுங்கள். முறுக்கி இறுக்கத் தேவையில்லை, நின்றால் போதும். பிறகு உலோகத் தகட்டை அதன்மேல் மூடிவிட வேண்டும். இங்கேதான் ஹீட்சிங்க் அளவு முக்கியம். எஸ்எஸ்டியும் ஹீட்சிங்கும் சேர்ந்து அகலம் 25 மில்லிமீட்டருக்குள், மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு விற்கும் உயரமான ஹீட்சிங்கை வாங்கிவிட்டால் தகடு மூடாது. ஹீட்சிங்க் இல்லாத எஸ்எஸ்டி வாங்கிவிட்டீர்கள் என்றால் தனி ஹீட்சிங்க் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஒட்டும் முன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்க வேண்டாம்.

மூடியைப் போட்டு, வயர்களைச் செருகி ஆன் செய்ததும் ஃபார்மேட் கேட்கும். ஒத்துக்கொண்டால் சில நொடியில் முடிந்து, ரீட் ஸ்பீடு எவ்வளவு என்று காட்டும். அந்த எண்ணைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் வாரண்டிக்குப் போனால் கையில் ஒரு சாட்சி. அடுத்து செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், புதிய கேம்கள் எம்.2-இல் இறங்கட்டும் என்று மாற்றிவிடுங்கள். இந்த எம்.2-ஐ இன்னொரு பிஎஸ்5-க்கு மாற்றினால் மறுபடி ஃபார்மேட் செய்தாக வேண்டும். விடுமுறைக்கு விடுமுறை கழற்றி எடுத்துப்போகும் சாமான் இல்லை இது.

நம்ம ஊர் வெயிலும் கரண்டும்

பிஎஸ்5 இயங்க வேண்டிய அறைச் சூடு 5 முதல் 35 டிகிரி என்று சோனியே எழுதியிருக்கிறது. காரைக்குடியில் மே மாதப் பகலில் வெளியே நாற்பதைத் தொடும். புதிதாகக் கட்டிய மாடி அறையில் மத்தியானம் ஆடினால் அந்த எல்லையைத் தாண்டித்தான் ஆடுகிறோம். பழைய வீட்டுக் கனத்த சுண்ணாம்புச் சுவருக்குள், முற்றத்தை ஒட்டிய கூடத்தில் வைத்தால் கணிசமாகக் குளிர்ச்சியாக இருக்கும். எங்கே வைத்தாலும் சரி, சுவரோடு பதித்த தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். தூசி படக்கூடாது என்று அக்கறையோடு பூட்டி வைக்கிறார்கள், உள்ளே வெந்த காற்று வெளியே போக வழியே இல்லை. எம்.2 அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ஆட்டம் திக்கித் திக்கி நடக்கும். எஸ்எஸ்டி கெட்டுப்போய்விட்டது என்று கொண்டுவருவார்கள். அலமாரிக் கதவைத் திறந்து வைத்தாலே சரியாகிவிடும் கேஸ்கள் அவை.

வெளி ஹார்டு டிஸ்க்கைக் கன்சோல் மேல் வைப்பதும் வேண்டாம். சுற்றிக்கொண்டிருக்கும் தட்டு உள்ளே இருக்கிறது. அதிர்வும் சூடும் அதற்கு எமன். பக்கத்தில் தனியாக, தரையில் ஒரு மரப் பலகைமேல் வையுங்கள். நம்ம செம்மண் தூசிக்கு மாதம் ஒருமுறை கன்சோலின் காற்று ஓட்டைகளைத் தூரிகையால் தட்டிவிடுவதும் நல்லது.

கரண்டு விஷயம். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் கேமை இங்கிருந்து அங்கே மாற்றும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பாதி நகலில் கரண்டு போனால் கன்சோல் மறுபடி ஆன் ஆகும்போது டிஸ்க்கைச் சரிபார்க்க நேரம் எடுக்கும். சில நேரம் அந்த கேமை மறுபடி இறக்க வேண்டிவரும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். பல வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண நேரத்திலேயே கன்சோல் அணைந்துவிடுகிறது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். வெளி டிஸ்க் வாங்கும்போது கன்சோலிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சின்ன 2.5 இன்ச் வகையாக வாங்குங்கள். பெரிய 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். இன்வெர்ட்டர் லைன் இல்லாத பிளக்கில் அதைச் செருகிவிட்டால், கன்சோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் மட்டும் செத்துவிடும்.

எக்ஸ்பாக்ஸ்

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் உள்ளே எம்.2 போடும் வேலை கிடையாது. பின்பக்கம் ஒரு ஸ்லாட், அதற்கென்றே செய்த எக்ஸ்பான்ஷன் கார்டு, செருகினால் தீர்ந்தது. பொருத்துவதில் இதைவிடச் சுலபம் எதிலும் இல்லை, ஆனால் விலையில் கையைக் கடிக்கும். 2020-ல் சீகேட் 1 டிபி கார்டு அமெரிக்காவில் 219.99 டாலர். சீரிஸ் எஸ் கன்சோலே அப்போது 299.99 டாலர்தான். கன்சோல் விலையில் முக்கால்வாசி ஒரு கார்டுக்கு! நீண்ட நாள் சீகேட் மட்டுமே இதைச் செய்தது. 2023-ல் டபிள்யூடியும் (வெஸ்டர்ன் டிஜிட்டல்) வந்த பிறகு 149.99 டாலருக்கு இறங்கியது. என்றாலும் பொதுச் சந்தை எம்.2 மாதிரி பத்துக் கம்பெனி போட்டி இதில் கிடையாது. அதனால் சீரிஸ் எஸ் வாங்கும்போதே யோசியுங்கள். 364 ஜிபி பத்தாது என்று தோன்றினால், கன்சோலோடு கார்டு விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, 1 டிபி மாடலையோ சீரிஸ் எக்ஸையோ பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

யுஎஸ்பி டிஸ்க் 128 ஜிபிக்கு மேல், யுஎஸ்பி 3 ஆக இருந்தால் போதும். எக்ஸ்பாக்ஸ் ஒன், 360, முதல் எக்ஸ்பாக்ஸ் என்ற பழைய மாடல்களின் கேம்கள் அதிலிருந்தே ஓடும். சீரிஸ் எக்ஸ், எஸ்-க்கென்று மேம்படுத்திய கேம்களை வைக்கத்தான் முடியும். எக்ஸ்பாக்ஸில் எனக்குப் பிடித்தது ஒன்று: அந்த யுஎஸ்பி டிஸ்க்கையோ கார்டையோ பிடுங்கி இன்னொரு எக்ஸ்பாக்ஸில் செருகி, அதே கணக்கில் நுழைந்தால் கேம்கள் அப்படியே இருக்கும். சென்னையில் நல்ல இணையத்தில் இறக்கி டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால், ராத்திரி காரைக்குடியில் ஆடலாம்.

ஸ்விட்ச்

நின்டெண்டோ ஸ்விட்ச் நம்ம பக்கம் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்துதான் வருகிறது. பழைய ஸ்விட்சில் உள்ளே 32 ஜிபி, ஓஎல்இடி மாடலில் 64. ஆனால் சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு 2 டிபி வரை எடுக்கும், அதிலிருந்தே ஆடலாம். யுஎச்எஸ்-1 என்று போட்ட நல்ல கார்டு போதும், அதைவிட வேகமான கார்டுக்குக் காசு கொடுப்பதில் பலன் இல்லை. கார்ட்ரிட்ஜில் வாங்கிய கேம் அந்த கார்ட்ரிட்ஜிலிருந்தே ஓடும், அப்டேட்டுக்கு மட்டும் கொஞ்சம் இடம் வேண்டும். சேவ் மட்டும் எப்போதும் கன்சோலுக்குள்தான், கார்டுக்குப் போகாது. கன்சோலை விற்கும் முன் இதை ஞாபகம் வையுங்கள்.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் கதை மாறிவிட்டது. உள்ளே 256 ஜிபி. கூடுதலுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகை கார்டு மட்டும்தான். பழைய கார்டை அதில் செருகினால் பழைய ஸ்விட்சில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட், வீடியோவை இறக்கிக்கொள்ளலாம், கேம் வைக்க முடியாது. எக்ஸ்பிரஸ் கார்டுக்குச் சாதாரண கார்டைவிட இரண்டு மூன்று மடங்காவது கொடுக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவிடம் வெறுமனே "மெமரி கார்டு" என்று சொல்லாதீர்கள். எக்ஸ்பிரஸ் என்று அழுத்திச் சொல்லுங்கள், முடிந்தால் படம் அனுப்புங்கள். இந்த மாடலில் கேம்-கீ கார்டு என்று ஒன்று விற்கிறார்கள். அந்த கார்ட்ரிட்ஜுக்குள் கேம் இருக்காது, அது வெறும் சாவி, கேமை முழுவதும் டவுன்லோட்தான் செய்ய வேண்டும். இணையம் இல்லாத ஊருக்கு அதைப் பரிசாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

பழைய பிஎஸ்4 இன்னும் ஓடும் வீடுகளுக்கு ஒரு வரி: யுஎஸ்பி 3 டிஸ்க் செருகி அதிலிருந்தே எல்லா கேமும் ஆடலாம். உள்ளே இருக்கும் 2.5 இன்ச் ஹார்டு டிஸ்க்கைச் சாட்டா எஸ்எஸ்டியாக மாற்றினால் கேம் லோட் ஆகும் நேரம் நன்றாகக் குறையும்.

ஏமாறாமல் வாங்குவது

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று ஆன்லைனில் விளம்பரம் வந்தால் அது பொய். உள்ளே ஒரு மலிவு மெமரி கார்டை ஒட்டி, 16 டிபி என்று காட்டும்படி மாற்றி வைத்திருப்பார்கள். முதலில் போடும் கேம்கள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். உண்மையான அளவைத் தாண்டியதும் புதிதாக எழுதுவது பழையதை அழித்துக்கொண்டே போகும். மெமரி கார்டில் இந்த மோசடி இன்னும் அதிகம். சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டுச் சோதியுங்கள். அது டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். 1 டிபி ஹார்டு டிஸ்க்குக்கு எழுதவே மூன்று மணி நேரம் பக்கம் ஆகும், படிக்க அதே அளவு. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். கன்சோலில் செருகும் முன், திருப்பிக் கொடுக்கும் தேதி முடியும் முன் செய்துவிடுங்கள். 1 டிபி டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் 931 என்று காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது.

செகண்ட் ஹேண்ட் யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். எம்.2-ஐ யோசிக்கலாம். நல்ல 1 டிபி எம்.2 ஒன்றுக்கு 600 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். கேம் ஆடுவதில் படிப்பதுதான் அதிகம், எழுதுவது குறைவு. மாதம் 500 ஜிபி இறக்கி அழித்தாலும் வருடத்துக்கு 6 டிபிதான். தேய்மானத்துக்குப் பயந்து கேமை அழிக்காமல் வைத்திருக்கத் தேவையே இல்லை.

நல்ல எம்.2-களுக்கு ஐந்து வருட வாரண்டி உண்டு, ஆனால் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். பில் வேண்டாம் என்றால் முந்நூறு, நானூறு குறைத்துத் தருவதாகச் சில இடங்களில் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். சிங்கப்பூரில் வாங்கியதாக இருந்தால், அந்தக் கம்பெனியின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று வாங்குவதற்கு முன்பே அவர்களுடைய இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் தரும் பில் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். நம்ம ஊர் வெயிலில் ஒரு கோடை தாண்டினால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே பில்லையும் டப்பாவையும் போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள்.